சல்லிக் கோடையும் ஓர் அஞ்சலட்டையும்

ரொறொன்ரோவில் வாழும் என் பழைய நண்பர் ஒருவருக்கும் லண்டனில் இருக்கும் அவருடைய மைத்துனருக்கும் அண்மையில் தொலைபேசியில் பெரிய வாக்குவாதம். விடயம் இதுதான். சல்லி அம்மன் பொங்கலுக்குச் சனத்தை ஏற்றிச் சென்ற பஸ் வண்டி ஒன்று கோயிலுக்குக் கிட்ட மணலில் புதைந்து, நெடுநேரம் கிடந்தது. அது எந்த ஆண்டு? நண்பர் சொல்கிறார்: "மட்டக்களப்பைச் சூறாவளி அடித்த வருஷக் கோடை. 1978." மைத்துனர் விடவில்லை: "இல்லை அத்தான், தேர்தல் நடந்த வருஷம். 1977." இருவரும் அந்த வண்டியில் இருந்தவர்கள். இருவருக்கும் அப்போது இளம் பராயம். வழக்கு என்னிடம் வந்தது. "நீர்தானே அந்தக் காலத்தில் பேப்பரில் ஊர்ப் புதினம் போட்டுக்கொண்டிருந்தீர், பார்த்துச் சொல்லும்" என்றார் நண்பர்.

உண்மைதான். கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் பிராந்தியச் செய்திப் பக்கத்தில்தான் என் பத்திரிகை வாழ்வு தொடங்கியது. வயது இருபத்திரண்டு. தலையங்கம் எழுதுவோரும் பாராளுமன்றச் செய்தி எழுதுவோரும் எங்களைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். கோயில் திருவிழா, சனசமூக நிலைய ஆண்டு விழா, வாசிகசாலைத் திறப்பு, விளையாட்டுப் போட்டி, தண்ணீர்ப் பஞ்சம், இடமாற்றம் பெற்ற தலைமை ஆசிரியருக்குப் பிரியாவிடை: இவைதாம் எங்கள் சரக்கு. ஆனாலும் பத்திரிகைக் கட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் வாசகர் முதலில் புரட்டிய பக்கம் அதுதான் என்பதை அப்போதே அறிந்திருந்தேன். தம் ஊரின் பெயரை அச்சில் காண்பதில் மனிதருக்கு ஒரு தனிச் சுகம் இருக்கிறது.

சல்லியின் பெயர் அந்தப் பக்கத்தில் கோடையில் மட்டும் தலைகாட்டும். காரணம் காற்று.

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியில் வடக்கே போனால் உப்புவெளி வரும். இரண்டாம் உலகப் போரில் இறந்த பொதுநலவாயப் படையினரின் மயானம் வீதியோரத்தில் இருக்கிறது. அதையும் தாண்டிச் சாம்பல்தீவை அடைந்து, கடலை நோக்கித் திரும்பினால் சல்லி. சைக்கிளில் ஒரு மணி நேரம் பிடிக்காது. ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் களப்பு, நடுவே மணலும் பனையும் தென்னையும் முத்துமாரியம்மன் கோயிலும். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் ஐப்பசியிலிருந்து தை வரை அங்கே கடல் மனிதருக்கு உரியதன்று. ஆண்டு மழையின் பெரும்பங்கும் அந்த மாதங்களிலேயே கொட்டித் தீர்க்கும். தோணிகளைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டு, கடன் வாங்கிச் சாப்பிடும் காலம் அது. மாசி பங்குனியில் கடல் படுக்கும். சித்திரை பிறந்தபின் மேற்கேயிருந்து கச்சான் காற்று அனலாக வீசத் தொடங்கும். பயிருக்கு அது பகை. கிழக்குக் கரைக் கடலோடிக்கோ கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலை அடங்கிக் கிடக்கும் பொற்காலம்.

ஆகவே கலியாணம், கடன் தீர்ப்பு, வீடு வேய்தல், பழைய கோபத்தைக் கிளறுதல் எல்லாம் கோடையில்தான். பங்குனியில் கோணேசர் கோயிற் கொடியேற்றமும் பதினெட்டு நாள் திருவிழாவும். சித்திரையில் புதுவருடம். வைகாசியில் சல்லி அம்மன் பொங்கல். வெப்பத்துக்கும் அம்மை நோய்க்கும் அதிபதியான தெய்வத்தை வெப்பம் உச்சத்தை நெருங்கும் மாதத்தில் குளிர்விப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. கிழக்கெங்கும் கண்ணகிக்குக் குளிர்த்தி பாடுவதும் அதே வைகாசியில்தானே. நகரத்தார், நிலாவெளியார், கட்டைபறிச்சான் சம்பூர்ப் பக்கத்தார் எனப் பலரும் காவடியோடும் பானையோடும் நேர்த்திக்கடனோடும் சல்லிக்கு வருவார்கள். வடக்கேயிருந்து கரையோரமாகக் கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் யாத்திரிகர் திருகோணமலை மாவட்டத்தைக் கடப்பதும் ஏறக்குறைய அதே பருவத்தில்தான்.

இந்தப் புதினங்களை எங்களுக்கு எழுதியவர் அந்தப் பக்கத்து ஆசிரியர் ஒருவர். நிருபர் என்று பெயர், சம்பளம் கிடையாது. அச்சில் வந்ததை அங்குலக் கணக்கில் அளந்து மாத முடிவில் ஒரு சிறு தொகை அனுப்புவோம். தந்தி அடித்தால் செலவு, ஆகையால் அஞ்சலட்டையில் எழுதுவார். 1927இல் திருகோணமலைக்கு ரயில் வந்தபின் அந்நகருக்கும் கொழும்புக்கும் இடையிலான உலகம் ஓர் இரவுப் பயணமாகச் சுருங்கிவிட்டிருந்தது. அவருடைய அட்டை தெற்கே வந்த அதே தண்டவாளத்தில் எங்கள் பத்திரிகைக் கட்டு வடகிழக்கே போகும். எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்து. ஓர் அட்டையில் முப்பது வரி அடக்கிவிடுவார். ஒருமுறை "சல்லிக்கு விசேட பஸ் சேவை" என்று நான் தலைப்பிட்டேன். புதிதாய்ச் சேர்ந்திருந்த ஒப்புநோக்காளர் மலையகத்து இளைஞர், அச்சுப்படியைக் கையில் ஏந்தி வந்து, "அண்ணே, சல்லி வாங்காமல் ஓடுகிற பஸ் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். காசுக்கும் அந்த ஊருக்கும் ஒரே பெயர் என்பதை விளங்கப்படுத்திய பிறகும் அவர் முகத்தில் சந்தேகம் நீங்கவில்லை.

ஆசிரியர் எழுதியவற்றுள் எனக்கு இன்றும் பிடித்தவை கரைவலை பற்றியவை. கரைவலையைக் காணாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வலைக்கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டு, தோணி கடலுக்குள் போகும். முதலில் கயிறு, பிறகு வலை, நடுவே மடி, மறுபடி வலை, கயிறு என்று அரைவட்டமாக இறக்கிக்கொண்டே தள்ளி ஓரிடத்தில் கரைதட்டும். இரு நுனிகளையும் இரு கூட்டத்தார் பிடித்து இழுப்பார்கள். இழுக்க இழுக்க ஒருவரை ஒருவர் நெருங்குவார்கள். இழுப்பதற்குத் தாளம் வேண்டும். அந்தத் தாளம்தான் அம்பாப் பாட்டு. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் ஏற்றுப் பாடும் அப்பாட்டில் தெய்வம், கேலி, காதல், சம்மாட்டியின் கஞ்சத்தனம் எல்லாம் வரும். மடி கரையேறும்போது சூடையும் கீரியும் நெத்தலியும் வெள்ளியாய்த் துள்ளும். அல்லது ஒரு கடகம் சொறிமுட்டையும் பாசியும் வரும். வலையும் தோணியும் வைத்திருக்கும் சம்மாட்டிக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு. வலை விடுவதற்கு உரிமையுள்ள கரைத் துண்டுக்குப் "பாடு" என்று பெயர். இந்தப் பாட்டுக்காகப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று.

தென்மேல் பருவக்காற்றினால் மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் அதே மாதங்களில் கிழக்கே கடல் அமைதியாய் இருக்கும். ஆகவே நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து மீனவர் குடும்பம் குடும்பமாகக் கிழக்குக் கரைக்கு வந்து வாடி அமைத்துத் தங்குவது நெடுங்கால வழக்கம். அவர்களுள் பலரின் முன்னோர் வீட்டில் தமிழ் பேசியவர்கள். கத்தோலிக்கரான அவர்களுள் சிலர் அம்மனுக்கும் நேர்ந்து கொள்வதாக ஆசிரியர் எழுதியிருக்கிறார். பாடு பற்றிய தகராறுகளையும் எழுதியிருக்கிறார். உறவும் உரசலும் ஒரே அட்டையில் அடுத்தடுத்த வரிகளாக வரும். நான் என்ன செய்தேன்? திருவிழாவைப் போட்டேன், மற்றதை வெட்டினேன். "இடமில்லை" என்பது எங்கள் தொழிலின் நிரந்தரச் சாட்டு. அந்தச் சின்ன உரசல்களை அன்றே அச்சில் ஏற்றியிருந்தால் ஏதாவது மாறியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இனக்கலவரச் செய்தியாக மட்டுமே பின்னாளில் அவை தாளில் ஏறியபோது, அதற்கு முந்திய அயல்வாழ்வின் சாட்சியம் எங்கள் பக்கத்தில் இல்லாமற் போயிற்று.

நண்பரும் மைத்துனரும் தங்கள் கோடையை எவ்வாறு அடையாளம் காட்டினார்கள் என்று பாருங்கள். ஒருவர் சூறாவளியை வைத்து. மற்றவர் தேர்தலை வைத்து. அந்தக் கரையில் வயதானவர் எவரிடமும் பிறந்த ஆண்டைக் கேட்டால் இப்படித்தான் விடை வரும். "யப்பான்காரன் குண்டு போட்டபோது நான் கைக்குழந்தை." அது 1942 ஏப்ரல் 9, புதுவருடத்துக்குச் சில நாட்கள் இருக்கையில் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. எண்ணெய்த் தாங்கி ஒன்று பல நாட்கள் எரிந்தது. "64 சூறாவளிக்கு அடுத்த வருஷம் கலியாணம்." அது 1964 டிசம்பரின் சூறாவளி, தனுஷ்கோடியை அழித்த அதே புயல், அதற்கு முன் திருகோணமலையையும் அது சிதைத்துவிட்டுத்தான் போனது. பிறகு 1983. பிறகு 1990. பிறகு சுனாமி.

இந்தப் பட்டியலை மேசையில் விரித்து வைத்துப் பார்க்கையில் ஒன்று புலப்பட்டது. இயற்கை அந்த ஊரை மாரியில் அடித்தது: 1964 டிசம்பர், 2004 டிசம்பர். மனிதர் பெரும்பாலும் கோடையில் அடித்தார்கள்: 1942 ஏப்ரல், 1983 ஜூலை, 1985இன் கோடை, 1990 ஜூன், திருகோணமலைச் சந்தையில் குண்டு வெடித்து, கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்ட 2006 ஏப்ரல் 12. கடல் அமைதியாய் இருக்கும் மாதங்களில் கரை அமைதியாய் இருக்கவில்லை. ஊர் மூச்சுவிட்டு உழைத்து வாழும் அந்த நாலைந்து மாதங்கள்தாம் ஒவ்வொரு தடவையும் பறிபோயின.

1983 ஜூலைக்குப் பின்னும் ஆசிரியரின் அட்டைகள் வந்தன. எழுத்து இன்னும் பொடியாகியிருந்தது. 1985 வைகாசியில் அட்டை வரவில்லை. அந்தக் கோடையில் மாவட்டத்தின் பல கிராமங்கள் எரிந்து, ஆயிரக்கணக்கானோர் பாடசாலைகளிலும் கோயில்களிலும் காடுகளிலும் தங்கினர். திம்புவில் பேச்சுவார்த்தை நடக்கப்போகிறது என்று எங்கள் முன்பக்கம் எட்டுப் பத்தித் தலைப்பில் அறிவித்த நாட்கள் அவை. பிராந்தியப் பக்கத்தில் திருகோணமலைக்கு ஒதுக்கிய இடம் வெறுமையாய்க் கிடந்தது. நான் வேறு மாவட்டத்துச் செய்தியை இட்டு நிரப்பினேன். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் அக்கரையோர மக்களில் ஒரு பகுதியினர் முல்லைத்தீவுப் பக்கமும், ஒரு பகுதியினர் படகேறி மண்டபம் முகாமுக்கும் போனார்கள். எஞ்சியோருக்குக் கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். இரவுத் தொழிலுக்குத் தடை. ஆசிரியர் தமிழ்நாட்டு முகாமொன்றிலிருந்து ஓர் இந்திய அஞ்சலட்டை எழுதினார். செய்தி எதுவும் இல்லை. பழைய பத்திரிகைகள் கிடைக்குமா என்று மட்டும் கேட்டிருந்தார். அவர் ஊர் திரும்பவில்லை.

ஊர்ப் புதினம் எழுதுவது ஆபத்தில்லாத தொழில் என்று எண்ணியிருந்த காலம் ஒன்று இருந்தது. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. அவர்களின் உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததைக் காட்டும் படங்களை எடுத்தவர் 'சுடர் ஒளி'யின் திருகோணமலைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போகும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். திருவிழாவும் குடிநீர்ப் பிரச்சினையும் எழுத வேண்டிய மாவட்டச் செய்தியாளர் ஒருவர், தன் கண்முன் கிடந்ததைப் படம் பிடித்தார், அவ்வளவுதான். ஆசிரியரின் அட்டைகளில் நான் வெட்டிய வரிகளை நினைக்கும்போதெல்லாம் சுகிர்தராஜனும் நினைவில் வருகிறார். ஒருவர் எழுதியதை நாங்களே வெட்டினோம். மற்றவர் எழுதாதிருக்க வேண்டுமென்று வேறு யாரோ தீர்மானித்தார்கள்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு வந்தவர்கள் வைகாசி வெயிலில் வெறுங்காலோடு மணலில் நடந்தார்கள். பிள்ளைகள் கால் சுட்டு அழுததைச் சொல்லிச் சிரித்தார்கள். அப்படிச் சில கோடைகள். 2004 டிசம்பர் 26, ஞாயிறு, பூரணை நாள். காலையில் கடல் எழுந்து வந்தது. உப்புவெளி, சாம்பல்தீவு, சல்லி, நிலாவெளி, குச்சவெளி என்று கரை நெடுகிலும் அடித்தது. மாவட்டத்தில் ஆயிரம் பேருக்கு மேல் மாண்டனர். உலகமெங்கும் ஒளிபரப்பான அந்த வாரத்தில்தான் எங்கள் கரையோரச் சிற்றூர்களின் பெயர்களை அந்நியச் செய்தி வாசிப்பாளர்கள் உச்சரிக்கக் கற்றார்கள்.

2009இல் போர் முடிந்தபின் வீதி அகன்றது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகள் பெருகின. கரைவலைக்கு நீண்ட வெறுங்கரை வேண்டும். விடுதிக்கும் அதுவே வேண்டும். இழுப்பதற்கு இளைஞர் கிடைப்பதும் அரிதாயிற்று. 2022இல் நாடு வங்குரோத்து நிலைக்குப் போனபோது, ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் பல கரையில் கிடந்தன, நல்ல கோடைக் கடலைப் பார்த்தபடி.

சரி, பஸ் வண்டிக்கு வருகிறேன்.

பழைய இதழ்களைத் தேடுவது நம்மவருக்கு எளிதான காரியமன்று. பிராந்தியச் செய்திக்கென்றே பெயர்பெற்றிருந்த யாழ்ப்பாணத்து 'ஈழநாடு' அலுவலகம் 1981இல் எரிக்கப்பட்டது; அதே நாட்களில்தான், மே 31 இரவு தொடங்கி, யாழ்ப்பாணப் பொது நூலகமும் எரிந்தது. (அதுவும் கோடை.) கொழும்பில் சுவடிகள் திணைக்களத்தில் நாளிதழ்த் தொகுதிகள் உள்ளன, 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத் திட்டத்தினர் பலவற்றைக் காப்பாற்றித் தந்திருக்கிறார்கள். நான் முதலில் தேடியது என் வீட்டுப் பரணில். பல வீடு மாறியும் கைவிடாத பிஸ்கற் தகரம் ஒன்று அங்கே உண்டு. அதில் ஆசிரியரின் அட்டைகள் நாற்பதுக்கு மேல். ஏன் அவற்றை வைத்திருந்தேன் என்று கேட்டால் பதில் இல்லை. எழுத்து அழகாயிருந்தது, எறிய மனம் வரவில்லை.

1977ஆம் ஆண்டு அட்டையில் பஸ் இல்லை. 1978இலும் இல்லை. பின்னோக்கிப் போனேன். கிடைத்தது. அஞ்சல் முத்திரை 1976.

வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது 1976 மே 14இல். மாதப் பிற்பகுதியில் அமிர்தலிங்கம் முதலிய தலைவர்கள் கைதானார்கள். பத்திரிகைத் தாளுக்குத் தட்டுப்பாடு வேறு. முன்பக்கம் தாங்காமல் அரசியல் எங்கள் பக்கத்துக்கும் வழிந்தது. அந்த அட்டைக்கு நான் கொடுத்த இடம் மூன்று வரி. சிவப்புப் பேனாவினால் நான் கிழித்த கோடு இன்றும் மங்காமல் இருக்கிறது. கோட்டுக்குக் கீழே உள்ளதை இப்போது முழுமையாகத் தருகிறேன். அரை நூற்றாண்டு தாமதத்துக்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

"பொங்கலுக்கு வந்த பஸ் ஒன்று கோயிலடி மணலில் புதைந்தது. இரண்டு மணித்தியாலம் சில்லு சுழன்றதே தவிர அசையவில்லை. பின்னேரம் பாட்டுக்குப் போகவிருந்த கரைவலைக்காரர் தங்கள் கயிற்றைக் கொண்டுவந்து கட்டி, அம்பா பாடி இழுத்தனர். வாடியில் இருந்த நீர்கொழும்புக்காரரும் ஒரு நுனி பிடித்தனர். நாற்பது பேர் இருக்கலாம். பஸ் ஏறிவிட்டது. சாரதி கயிற்றுக்குக் கற்பூரம் காட்டினார். வலைக்காரருக்கு அன்று தொழில் இல்லை. பயணிகள் காசு சேர்த்துக் கொடுத்ததை வாங்கவில்லை. பொங்கல் வாங்கிச் சாப்பிட்டனர். கிணற்றில் தண்ணீர் குறைவு. வரும் ஆண்டு வருவோர் குடிதண்ணீர் கொண்டுவரவும்."

நண்பருக்குத் தொலைபேசியில் இதை வாசித்துக் காட்டினேன். அந்தப் பக்கத்தில் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு, "நானும் பிடித்து இழுத்தேன், அதை எழுதவில்லையே அந்த வாத்தியார்" என்றார். ஆண்டு விடயத்தில் தானும் மைத்துனரும் ஒருமிக்கத் தோற்றதை அவர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. முத்திரை சரியாகத் தெரிகிறதா, கண்ணாடி போட்டுப் பார்த்தீரா என்று மறுநாளும் கேட்டார். அட்டையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.